பேரில் வராதவர்கள்

மலைநாட்டு மனிதர் – வரலாற்றுத் தொடர் – அத்தியாயம் 19

சென்ற இதழில் பெரட்டுக் களத்தோடு நிறுத்தியிருந்தோம். பனி விலகாத காலையில் ஆட்கள் வரிசையாக நிற்க, கணக்குப்பிள்ளை செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்து எந்த மலைக்கு யார் யார் என்று அனுப்பிவைத்த காட்சி அது. அவர்கள் மலையேறிய பிறகு, லயம் என்ற வரிசை வீடுகளில் யார் மிஞ்சினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டேன். போகிற போக்கில் சொல்லிக் கடக்கிற விஷயம் இல்லை என்பதால்தான் விட்டேன்.

மலையகப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பெற்றவர்கள் வைக்கிற பேர் ஒன்று. தோட்டம் போடுகிற பேர் மற்றொன்று. நாள் முழுக்க வேலை செய்து, கேட்ட அளவு கொழுந்தை நிறுத்துக் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பேர். அளவு குறைந்தால் அரைப்பேர். பீலிக்கரையில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் "இந்த மாசம் எத்தன பேரு?" என்று கேட்டால் அவள் கேட்பது சம்பளத்தை. செக்ரோலில் பேர் இருந்தவருக்குக் காம்பரா கிடைத்தது, மாதத்து அரிசி கிடைத்தது, காய்ச்சலுக்குத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்துத் தண்ணீர் கிடைத்தது. பேர் இல்லாதவர், பேருள்ள ஒருவரின் நிழலில் ஒண்டித்தான் தோட்டத்தில் வாழ முடிந்தது. பச்சைப் பிள்ளை அப்படி ஒண்டியது, வளர்ந்ததும் அதற்கும் பேர் விழுந்தது. கிழவர் அப்படி ஒண்டினார், அவருக்கு முன்பொரு காலத்தில் பேர் இருந்தது. கால் ஊன்ற முடியாதவர், கண் தெரியாதவர், அறிவு வளர்ச்சி மெதுவானவர் ஆகியோருக்கு மட்டும் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

காது கேளாதவர் நிலை கொஞ்சம் வேறு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொழுந்தெடுக்கக் காது தேவையில்லை. கை வேகமும் கண் கூர்மையும் இருந்தால் போதும். காது கேளாத பெண்கள் பலர் நிரைபிடித்து மற்றவர்களுக்குச் சமமாகப் பேர் வாங்கியிருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் தோட்டம், பட்டணத்துக் காரியாலயங்களைவிட அவர்களைப் பெரிதாக ஒதுக்கவில்லை. ஆனால் லயம் அவர்களுடைய இன்னொரு பேரைப் பறித்துக்கொண்டது. பெற்றவர்கள் வைத்தது செல்வியோ, மாரியாயியோ, கூப்பிடுவது 'ஊமச்சி' என்றுதான். கால் சூம்பியவன் 'நொண்டி'. இப்படி அழைத்தவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு அழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பிறப்புப் பதிவுக்கோ அடையாள அட்டைக்கோ முழுப் பெயர் என்ன என்று கேட்கும்போது, வீட்டாரே ஒரு கணம் தயங்கி யோசிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இந்த மலைக்கு ஆள் கொண்டுவரப்பட்ட விதத்திலேயே இதன் வேர் இருக்கிறது. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கங்காணி ஆள் திரட்டியது கோப்பித் தோட்டத்துக்கும், 1869இல் கோப்பியில் இலைநோய் விழுந்த பிறகு தேயிலைக்கும். வேலை செய்கிற கை கால்தான் முன்பணத்துக்கு ஈடு. 1901இல் தகரத் துண்டு முறை வந்தது. கழுத்தில் தோட்டத்து அடையாளத்தோடு தகரத் துண்டைத் தொங்கவிட்டு ஆட்களை அனுப்பினார்கள். பின்னர் மண்டபம் முகாமில் நாள்கணக்கில் தடுத்துவைத்து மருத்துவப் பரிசோதனை செய்த பிறகே கப்பலேற விட்டார்கள். வந்தவர்கள் உடல் வலுவுள்ளவர்கள். ஆனால் அவர்களுக்கும் இங்கே பிள்ளைகள் பிறந்தன, பிறக்கிற எல்லா ஊர்களிலும் பிறப்பதைப் போலவே. தேயிலை அரைக்கும் ரோலரில் கை போனவர்களும், சரிவில் விழுந்து முதுகு ஒடிந்தவர்களும் இங்கேதான் உருவானார்கள்.

சட்டம் தொழிலாளியின் உடலைக் கவனிக்காமல் இல்லை. 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் வந்தது. 1912இல் அதைத் திருத்தி விரிவாக்கினார்கள். மாவட்ட ஆஸ்பத்திரிகளும் தோட்டத்து டிஸ்பென்சரிகளும் அந்த வழியில் வந்தவை. காய்ச்சல்காரனைக் குணப்படுத்தி மறுபடியும் மலையேற்றுவதே அவற்றின் வேலை. 1934இல் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வந்தபோது, வேலைத்தலத்தில் போன கைக்கும் விரலுக்கும் உழைப்புத் திறனில் எத்தனை வீதம் இழப்பு என்று அட்டவணை போட்டுக் கணக்குப் பார்க்கும் முறை வந்தது. பெரிய முன்னேற்றம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அட்டவணையும் செக்ரோலில் இருந்தே தொடங்கியது. பேர் இருந்தவனின் விரலுக்கு அதில் இடம் இருந்தது. பிறந்ததிலிருந்து எழுந்து நிற்காத பிள்ளையின் இரண்டு கால்களுக்கும் அதில் இடம் இல்லை.

பள்ளிக்கூடத்தின் கதை இன்னும் நீளமானது.

தோட்டத் துரைமார் பிறந்த இங்கிலாந்தில் 1893இலேயே, பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்குக் கட்டாயமாகக் கல்வி தர வேண்டும் என்று தனிச் சட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில், பாளையங்கோட்டையில் அதே பத்தாண்டில் திருச்சபைப் பெண்கள் இருவர் வேலையைத் தொடங்கினார்கள். அஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், புளோரன்ஸ் சுவெய்ன்சன் காது கேளாதோருக்கும் பள்ளி வைத்தார்கள். தமிழில் தொட்டுப் படிக்கும் எழுத்து அங்கே கற்பிக்கப்பட்டது. இலங்கைக்கு அந்த வேலை 1912இல் வந்தது. மேரி சாப்மன் என்ற ஆங்கிலப் பெண்மணி கொழும்புக்குத் தெற்கே கண் தெரியாத, காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். பின்னர் இரத்மலானையில் நிலைபெற்ற அந்தப் பள்ளிதான் நாட்டின் முதலாவது விசேட பாடசாலை. அவர் அதோடு ஓயவில்லை. 1920இல் ரங்கூனில் காது கேளாதோருக்கு இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். யாங்கோனில் இன்றும் அது அவர் பெயரில் நடக்கிறது.

அதே காலத்தில் தோட்டங்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1907இல் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பைத் துரையின் மேல் வைத்தது. 1920இன் கல்விக் கட்டளைச் சட்டம் அதை இறுக்கியது. ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை படிப்பு. கட்டடம் என்று சொல்ல ஒரு கொட்டில், அல்லது லயத்தின் ஒரு காம்பரா. ஒரே ஆசிரியர்; பல இடங்களில் கணக்குப்பிள்ளையோ கங்காணியின் உறவுக்காரரோதான் ஆசிரியர். எல்லா வகுப்பும் ஒரே அறையில், ஒரே சத்தத்தில். லைன் ஸ்கூல் என்று நம் பாட்டன்மார் சொன்னது இதைத்தான். அதில் ஓரளவு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டவர்களே அதிர்ஷ்டசாலிகள். உதடு அசைவைப் பார்க்க முன்வரிசை வேண்டிய பிள்ளைக்கோ, ஒரு எழுத்தைப் பத்து நாள் பொறுமையாகச் சொல்லித்தர வேண்டிய பிள்ளைக்கோ அந்தக் கொட்டிலில் என்ன கிடைத்திருக்க முடியும்?

ஆக, ஒரே தீவில் ஒரே காலத்தில் இரண்டு பாதைகள் வெட்டப்பட்டன. ஒன்று இரத்மலானைக்குப் போனது, மற்றொன்று லயத்துக் கொட்டிலுக்கு. ஹற்றனுக்கு 1884இலேயே ரயில் வந்துவிட்டது. தேயிலைப் பெட்டி காலையில் ஏறினால் அன்றைக்கே கொழும்புத் துறைமுகத்துக்குப் போய்ச் சேரலாம். காது கேளாத பிள்ளை அதே ரயிலில் ஏற வேண்டுமானால் அப்படியொரு பள்ளி இருப்பதை யாராவது தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டும். துரை பயண அனுமதி கொடுத்திருக்க வேண்டும். இரண்டு நாள் பேர் போவதைக் குடும்பம் தாங்கியிருக்க வேண்டும்.

1948ஆம் ஆண்டுக்கு வருவோம். நான் இந்தத் தொடரில் அடிக்கடி திரும்பிப் போகும் ஆண்டு அது. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு, இல்லாதவர்களுக்கும் இயலாதவர்களுக்கும் அரசு எப்படிக் கைகொடுக்கலாம் என்று ஆராய்ந்து 1947இல் அறிக்கை கொடுத்தது. 1948 பெப்ரவரியில், சுதந்திரத்துக்குச் சில நாட்கள் முன்பாக, சமூக சேவைத் திணைக்களம் பிறந்தது. இயலாதவர் ஒருவர் கருணைக்குக் கையேந்தாமல் அரசிடம் உரிமையோடு கேட்க ஓர் இடம் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலைநாட்டுத் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் அரசு என்று ஒன்றிடம் எதையும் கேட்க முடியாதவர்களாக ஆனார்கள். ஒரு கதவு திறந்த ஆண்டிலேயே, அந்தக் கதவுக்கு வரும் பாதை வெட்டி எறியப்பட்டது. வாக்குரிமை இழந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். ஊன்றுகோலும் உதவிப்பணமும் கேட்கும் உரிமை அதோடு போனதை நாம் போதிய அளவு எழுதவில்லை. இதில் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாடசாலைகளுக்கும் இதே கதிதான். இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1960களின் இறுதியில், பார்வையற்ற பிள்ளைகளை வழக்கமான அரச பாடசாலைகளிலேயே சேர்த்து, தனிப் பயிற்சி பெற்ற ஆசிரியரின் துணையோடு படிக்கவைக்கும் ஒருங்கிணைந்த கல்வி தொடங்கியது. உலகில் பல நாடுகள் அப்போது யோசிக்கத் தொடங்காத நல்ல திட்டம் அது. ஆனால் தோட்டப் பாடசாலை அரச பாடசாலையே அல்ல. அது தோட்டத்தின் உடைமை. 1977 முதல்தான் அரசு அவற்றைச் சிறிது சிறிதாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் உதவியோடு கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. கொட்டில் பாடசாலையாவதற்கே அந்தப் பணமும் காலமும் போய்விட்டன.

இந்த இடத்தில் நோய்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'கடவுள் குறை', 'செய்வினை', 'போன பிறவிப் பாவம்' என்று லயத்தில் சொல்லப்பட்டவற்றில் ஒரு பெரிய பங்குக்குத் தடுப்பு மருந்து இருந்தது. 1962இல் இளம்பிள்ளை வாதம் நாட்டில் கொள்ளைநோயாகப் பரவியது. அந்த ஆண்டே வாயில் விடும் சொட்டு மருந்து வந்தது. 1993க்குப் பிறகு இலங்கையில் ஒரு பிள்ளைக்கும் அந்த நோய் வரவில்லை. கர்ப்பிணித் தாய்க்கு ருபெல்லா தொற்றினால் பிள்ளையின் காதும் கண்ணும் இதயமும் பாதிக்கப்படும். அதற்கான தடுப்பூசி 1996இல் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. அடைமழை மண்ணிலிருந்து அயடினைக் கழுவிக்கொண்டு போகும் ஈரவலயத்தில் கழுத்துக் கழலை சாதாரணக் காட்சியாக இருந்தது. தாய்க்கு அயடின் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றும். 1995இல் உப்பில் அயடின் சேர்ப்பது கட்டாயமானது. தோட்டத்து மருத்துவிச்சிகளும் குடும்பநல உத்தியோகத்தர்களும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு டிவிசனாக ஏறி இறங்கித் தடுப்பு மருந்தைக் கொண்டுசேர்த்தார்கள். இன்றைக்கு ஐம்பது, அறுபது வயதில் ஊன்றுகோலோடு நடக்கும் நம்மவர்களைப் பார்க்கும்போது, சொட்டு மருந்து எந்த மலைக்கு எப்போது வந்து சேர்ந்தது என்ற கேள்வி எனக்குள் எழாமல் இருப்பதில்லை.

இனி யாழ்ப்பாணத்துக் கைதடிப் பள்ளிக்குப் போவோம். அதற்கு முன் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

1951இல் யுனெஸ்கோ, தெற்காசிய மொழிகளுக்கெல்லாம் பொதுவான புள்ளியெழுத்து அமைப்பை ஒழுங்குபடுத்தியது. பாரதி பிரெய்ல் என்று அதை அழைக்கிறோம். அந்த வேலைக்கு ஆலோசகராக இருந்தவர் குளூத்தா மெக்கென்சி. நியூசிலாந்துக்காரர், 1915இல் கலிப்பொலிப் போரில் கண்பார்வையை இழந்தவர். பார்வையற்ற ஒருவரின் விரல் நுனியில் தமிழ், சிங்களம், இந்தி எல்லாம் ஒரே ஒழுங்குக்கு வந்தன என்பது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் செய்தி. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1956இல், தமிழ்ப் பிள்ளைகளுக்காக யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பள்ளி தொடங்கியது. சிங்களம் மட்டும் சட்டம் வந்ததும் அதே 1956இல்தான். காது கேளாத, பார்வையற்ற தமிழ்ப் பிள்ளை தன் மொழியில் படிக்க ஒரு வீடு கிடைத்தது. அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் செய்த பணிக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனால் ஹற்றனில் இருந்து கைதடி எங்கே இருக்கிறது? உடரட்ட ரயிலில் பொல்கஹவெல வரை இறங்கி, வடக்கு ரயிலுக்கு மாறி, இரவெல்லாம் பயணம் செய்து போக வேண்டும். ஆறேழு வயதுப் பிள்ளை, அதுவும் எங்கே போகிறோம் என்று சொல்லிப் புரியவைக்க வழியில்லாத பிள்ளை. விட்டுவிட்டுத் திரும்பும் தாய்க்கு அடுத்துப் பார்க்கக் கிடைப்பது விடுமுறையில். அதற்குத் துணிந்து பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் இருந்தன. பிறகு அந்தப் பாதையும் அடைபட்டது. 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் வவுனியாவுக்கு அப்பால் போவது நின்றது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்த வழியில்தான் கைதடி இருக்கிறது. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் அந்தப் பகுதியே போர்முனையானது. ஏ9 பாதை 2002இல் திறந்து 2006இல் மூடியது. ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது 2014 ஒக்டோபரில். இடையில் போனது ஏறக்குறைய கால் நூற்றாண்டு. ஒரு பிள்ளை பிறந்து, படிக்கும் வயதைத் தாண்டி, தானும் பெற்றோராகும் காலம். தலவாக்கலையிலோ பொகவந்தலாவையிலோ அந்த ஆண்டுகளில் பிறந்த காது கேளாத தமிழ்ப் பிள்ளைக்காக உயர்ந்து நின்ற பள்ளி, போர்க்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பள்ளி இல்லாவிட்டால் என்ன, வீட்டில் அன்பாகப் பார்த்துக்கொள்வார்களே என்று நினைப்பவர்களுக்காக ஒரு கணக்கைச் சொல்கிறேன். தாய் கொழுந்து மலைக்குப் போகும் முன் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விடுவாள். ஐந்து வயது வரை அது சரி. ஐந்து வயதில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடும். இந்தப் பிள்ளை? தாய் வேலைக்குப் போகாமல் நின்றால் ஒரு பேர் போய்விடும். பாட்டி இருந்தால் பாட்டி பார்ப்பாள், பாட்டி கண்மூடும் வரை. இரண்டும் இல்லாவிட்டால் அக்கா பள்ளியை விட்டு நிற்பாள். ஒரு பிள்ளைக்குப் பள்ளி இல்லாததால் இரண்டு பிள்ளைகளின் படிப்பு போவது இப்படித்தான். அதுவும் முடியாதபோது கதவைச் சாத்திவிட்டு மலையேறுவார்கள். "பூட்டிட்டுத்தான் போறேங்க ஐயா. பள்ளத்துல உருண்டுட்டா யாரு பாக்குறது? கொழுந்து நிறுக்குற நேரத்துல எல்லாம் கண்ணு லயத்துலதான் இருக்கும்" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னாள். பூட்டியவளைக் குற்றம் சொல்ல வந்தவர்கள் நிறையப் பேர். சாவியை வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை.

2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது மாற்றுத்திறனாளிக்கான மாதக் கொடுப்பனவு 5,000 ரூபா. ஐந்து நாள் பேர். மலையில் ஐந்து நாள், லயத்தில் இருபத்தைந்து நாள் என்று எந்தத் தாயாலும் பிள்ளையை வளர்க்க முடியாது. 2024இல் அது 7,500 ஆகி, 2025இல் 10,000 ஆனது. அந்த ஆண்டின் 1,350 ரூபா நாட்சம்பளத்தில் பார்த்தால் ஏழு நாளுக்குச் சற்று மேல். இதையும் வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அடையாள அட்டை வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், பட்டியலில் பேர் வேண்டும். மறுபடியும் பேர்.

விடிவு வேறொரு பக்கத்தில் இருந்து, சிறியதாக வந்தது. 1980களின் பிற்பகுதியில் கிறிஸ் ஸ்டப்ஸ் என்ற ஆங்கிலேயர் நுவரெலியாவில் மென்காஃபெப் என்ற அமைப்பைத் தொடங்கினார். அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்குமான கல்வித் திட்டம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. பெயரிலேயே குடும்பத்தைச் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். பிள்ளைக்குச் சட்டைப் பொத்தான் போடச் சொல்லித்தருவதும், தாய்க்கு 'உன் பாவம் இல்லையம்மா' என்று சொல்லிப் புரியவைப்பதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். பின்னாளில் கிழக்கு மாகாணத்துக்கும் அந்தப் பணி போனது.

ஏறக்குறைய அதே நேரத்தில் நம் நாட்டுப் பெண்மணி ஒருவர் உலகத்துக்கே வழிகாட்டும் வேலையொன்றில் ஈடுபட்டிருந்தார். இயன்மருத்துவரான பத்மானி மெண்டிஸ், உலக சுகாதார நிறுவனத்துக்காக ஐனார் ஹெலாண்டர் முதலியவர்களோடு சேர்ந்து எழுதிய கைநூல் 1989இல் வெளிவந்தது. சமுதாயம் சார்ந்த புனர்வாழ்வு என்ற முறையை விளக்கும் நூல். பெரிய ஆஸ்பத்திரிக்கு வர முடியாத பிள்ளைக்கு, வீட்டாரையே பயிற்சியாளராக்குவது அதன் அடிப்படை. முற்றத்தில் இரண்டு மூங்கிலைக் கட்டினால் நடை பழகும் கைப்பிடி. காது கேளாத பிள்ளையிடம் பேசும்போது அதன் முகத்துக்கு நேரே, வெளிச்சத்தில் உட்கார். உலகில் எத்தனையோ மொழிகளுக்குப் போன முறை இது. இலங்கைக் கிராமங்களிலும் பிரதேச செயலகத்தின் வழியே தொண்டர்களைக் கொண்டு நடந்தது. கிராமம் என்றால் அங்கே கிராமம்தான், தோட்டம் அல்ல. 1987இன் பிரதேச சபைச் சட்டம், 33ஆம் பிரிவின்படி, தோட்டத்துக்குள் பணம் செலவிடப் பிரதேச சபையின் கையைக் கட்டியிருந்தது. 2018இல் திருத்தம் வரும்வரை லயத்துக்குப் போகும் படிக்கட்டைச் சீர்செய்வது யார் வேலை என்பதே வழக்காக இருந்தது. 2012 கணக்கெடுப்பின்போது நுவரெலியா மாவட்டத்தில் இருந்தவை ஐந்தே பிரதேச செயலகங்கள். அவற்றில் நுவரெலியாவும் அம்பகமுவவும் தலா 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைச் சுமந்தன. மஸ்கெலியா மலையுச்சியில் தவழ்கிற ஒரு பிள்ளையை அத்தனை பெரிய ஜனத்தொகையில் எந்த உத்தியோகத்தர் எப்போது கண்டுபிடிப்பார்?

சட்டங்களை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கு அரச வேலையில் 3 வீதம் ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இல் வந்தது. அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல். கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வழி வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல். அவர்களுடைய உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது 2016 பெப்ரவரியில். 2012 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதம், 16 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள், ஏதாவதொரு செயற்பாட்டில் சிரமம் உள்ளவர்கள் என்று பதிவானார்கள். இவை எல்லாம் தேவையான படிகள். லயத்து வாசலில் இருக்கும் படிகளோ வேறு. மழையில் பாசி பிடித்து, ஒன்றின் உயரம் மற்றொன்றுக்கு இல்லாத கருங்கல் படிகள். நன்கொடையாக வந்த சக்கர நாற்காலிகளை எத்தனையோ இஸ்தோப்புகளில் பார்த்திருக்கிறேன். சக்கரம் உருள நிலம் இல்லாததால் அவை வெறும் நாற்காலிகளாக நிற்கின்றன. கழிவறை இருபது படி கீழே. பதினான்கு வயதுப் பெண்பிள்ளையைத் தாய் முதுகில் சுமந்து இறங்குவாள். முதுகு அவளுக்குப் பழகியது. கொழுந்துக் கூடை சுமந்த முதுகு. ஆனால் பிள்ளை வளர்கிறாள், தாய்க்கு வயதாகிறது.

இன்றைக்குச் சில தோட்டப் பாடசாலைகளில் விசேட கல்வி அலகு இருக்கிறது. ஒரு வகுப்பறை, ஒன்றோ இரண்டோ ஆசிரியைகள், பெரும்பாலும் இதே லயங்களில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். இந்த ஆசிரியைகளுடைய வேலையின் பெறுமதியை விளக்க ஒரு தூரத்து உதாரணம் சொல்கிறேன். நிக்கராகுவாவில் 1977 வரை காது கேளாத பிள்ளைகள் அவரவர் வீட்டில் தனித்தனியே, அவரவர் தாயோடு மட்டும் பேசும் வீட்டுச் சைகைகளோடு வாழ்ந்தார்கள். மனாகுவாவில் ஒரு பள்ளி திறந்து அவர்களை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்க முயன்றது உதட்டசைவைப் படிக்க. பிள்ளைகளோ இடைவேளையிலும் பஸ்ஸிலும் தங்களுக்குள் பேசிப் பேசி, சில ஆண்டுகளில் இலக்கணத்தோடு கூடிய ஒரு புதிய சைகை மொழியையே உருவாக்கிவிட்டார்கள். மொழியியல் அறிஞர்கள் அதைப் பார்க்க விமானமேறி வந்தார்கள். நம் மலைகளிலும் அந்தத் திறன் இருந்தது. ஒவ்வொரு லயத்திலும் ஒருத்தி, ஒருவன். மழைக்கு ஒரு சைகை, துரைக்குத் தொப்பி தொட்டு ஒரு சைகை, கங்காணிக்கு மீசை முறுக்கி ஒரு சைகை என்று தனியே செய்துகொண்டிருந்தார்கள். பக்கத்து மலையில் இருந்த தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளையை அவர்கள் சந்திக்கவே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றில், விடுதிப் பள்ளியில் இருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒரு சிறுமியைப் பார்த்தேன். பத்து வயது இருக்கும். லயத்துச் சிறுவர்கள் பழக்கத்தில் 'ஊமச்சி வந்துட்டா' என்று கத்தினார்கள். அவளுக்கு அது கேட்கவில்லை. என்னைக் கண்டதும், கூச்சமில்லாமல், வலது கன்னத்தில் இரண்டு விரலை வைத்துச் சிறிதாகச் சுழற்றிக் காட்டினாள். கன்னத்தில் குழி விழுகிறவள். பள்ளியில் அவளுடைய தோழிகள் அவளுக்கு வைத்த சைகைப் பேர் அது என்று அவளுடைய தாய் சொன்னாள். இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்து, சிவந்த இரண்டு விரலைத் தன் சுருங்கிய கன்னத்தில் வைத்து, அதேபோலச் சுழற்றி அவளைக் கூப்பிட்டாள். பிள்ளை ஓடிவந்தாள்.

(தொடரும்)

அடுத்த அத்தியாயம்: பிள்ளைக் காம்பராவும் ஆயம்மாக்களும்